கேட்காமல் நடந்தவள்

எங்கள் பிரெட்வெல்லில் யாரும் கோபப்பட மாட்டார்கள். காலை மிதித்துவிட்டால், மிதிபட்டவன்தான் முதலில் மன்னிப்புக் கேட்பான். அப்படிப்பட்ட ஊரில் அறுபத்தொன்பது வருடம் கோபக்காரியாகவே வாழ்ந்து காட்டத் தனித் தெம்பு வேண்டும். அது தெல்மா யாப்புக்கு இருந்தது.

என் பெயர் லென். ஆற்றங்கரையில் இருக்கிற பப் என்னுடையது. நான் நிலவறைக்கும் கல்லாவுக்கும் நடுவே நடப்பதோடு சரி, அதற்கு மேல் ஓரடி நடக்கிற ஆள் இல்லை. ஆனால் இந்த ஊரில் யார் எங்கே நடக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். நடந்து களைத்தவர்கள் கடைசியில் என்னிடம்தான் வந்து உட்காருவார்கள்.

தெல்மா பள்ளிக்கூடச் சமையலறையில் காலமெல்லாம் உழைத்தவள். அவள் பரிமாறிய உருளைக்கிழங்கு மசியலைத் தட்டில் மிச்சம் வைக்க ஒரு பிள்ளைக்கும் தைரியம் வந்ததில்லை, நான் உட்பட. புருஷன் போன பிறகு அவளுக்கு இருந்த ஒரே சொந்தம் தம்பி கில்பர்ட். படகு பழுது பார்க்கிறவன். இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் அவனை ஒரு பக்கமாகச் சாய்த்துவிட்டது. பக்கத்து ஊரான லிங்க்ஃபோர்டில் முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். அங்கே நர்ஸ் ஊட்டினால் வாயை இறுக மூடிக்கொள்வான். அக்கா ஊட்டினால் திறப்பான். அதனால் மழையோ வெயிலோ, மதியம் தெல்மா அங்கே இருந்தாக வேண்டும்.

போகிற வழி ஆற்றங்கரைப் பாதை. மாதா கோயிலுக்குப் பின்னால் தொடங்கி, பெரிய புல்வெளியைக் குறுக்கே கடந்து, செவர்ன் ஆற்றை ஒட்டியே தடுப்பணையைத் தாண்டி, முதியோர் இல்லத்தின் கொல்லைப்புறத்தில் போய் முட்டும். அரைமணி நேர நடை. சனி ஞாயிறுகளில் வெளியூர்க்காரர்கள் கழுத்தில் வரைபடத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு, சேறு படாத புது பூட்ஸோடு வந்து நடப்பதும் இதே பாதையில்தான். தெல்மாவின் கோட்டுப் பையில் எப்போதும் செடி வெட்டும் கத்தரி இருக்கும். பாதையை மறைக்கிற செந்தட்டியையும் முள்ளையும் திட்டிக்கொண்டே வெட்டிப் போடுவாள். ஊராட்சி மன்றம் செய்ய வேண்டிய வேலை அது. மன்றமோ இரண்டு வருடமாக அதைப் பற்றிக் கூடிக் கூடித் தேநீர் குடித்தது.

இன்னொரு வழி தார்ச்சாலை. குன்றைச் சுற்றிப் போகும். இரண்டு பக்கமும் சுவர் மாதிரி புதர்வேலி, ஓரமாக ஒதுங்கக் காலடி இடம் கிடையாது. கல்குவாரி லாரிகள் காற்றாய்ப் பறக்கும். போன வருடம் தபால்காரரை ஒரு லாரி சைக்கிளோடு வேலிக்குள் தள்ளிவிட்டு நிற்காமல் போனது. பேருந்தை நிறுத்திவிட்டார்கள். தெல்மாவுக்குக் கண்ணில் புரை, கார் ஓட்ட முடியாது.

இந்த நிலைமையில்தான் அந்தப் புல்வெளியை வைத்திருந்த பிரீஸ் கிழவர் செத்தார். லண்டனிலிருந்து ஜூலியன் ஃபென்விக் வந்து, ஆலை வீட்டையும் புல்வெளியையும் சேர்த்து வாங்கினார். நல்ல உயரம், நல்ல சட்டை, நல்ல சிரிப்பு. என் பப்புக்கு வந்த முதல் நாளே எல்லாருக்கும் ஒரு சுற்று வாங்கிக் கொடுத்தார். ஊரே சொக்கிப் போனது. அடுத்த வசந்தத்தில் பாதை புல்வெளியைத் தொடுகிற இரண்டு முனையிலும் கதவு போட்டுப் பூட்டினார். பூட்டுக்கு மேல் ஒரு பலகை: "தனியார் நிலம். உங்கள் புரிதலுக்கு நன்றி."

தெல்மா அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு நேரே என்னிடம்தான் வந்தாள். காதுமடல் இரண்டும் பீட்ரூட் நிறம்.

"நன்றியாம்டா லென், நன்றி! கழுத்தை நெரிச்சுட்டு நன்றி சொல்றான்."

"அது பொதுவழிதானே? வரைபடத்துல இருக்குமே?" என்றேன்.

இல்லை. அங்கேதான் விஷயமே இருந்தது. எங்கள் தாத்தாக்கள் காலத்தில், ஊர்ப் பாதைகளையெல்லாம் அரசாங்க வரைபடத்தில் குறிக்கச் சொன்னபோது, பிரீஸின் அப்பா மன்ற உறுப்பினர்களுக்குத் தேநீரும் கேக்கும் கொடுத்து உபசரித்திருக்கிறார். சாப்பிட்ட வாயோடு அவர் நிலத்தில் கோடு போடுவது நாகரிகமாக இருக்காது என்று, அந்த ஒரு பாதையை மட்டும் விட்டுவிட்டார்கள். இப்படிப்பட்ட மகான்களின் வாரிசுகள் நாங்கள்.

ஆனாலும் சட்டத்தில் ஒரு வழி இருந்தது. ஊர் மக்கள் இருபது வருடம் ஒரு பாதையில் தங்கள் வழி என்று நடந்திருந்தால், யாரும் தடுக்காமலும் யாரிடமும் அனுமதி கேட்காமலும் நடந்திருந்தால், அது பொதுவழி. கேட்டு நடந்தால் அது உரிமை இல்லை, நிலத்துக்காரர் காட்டும் தயவு. தயவை அவர் எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம். தெல்மா மனுப் போட்டாள். வாரம் தவறாமல் மாவட்ட அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கத்தினாள். அங்கே எடுக்கிற பெண் இவள் குரல் கேட்டாலே தொலைபேசியைப் பக்கத்து மேசைக்குத் தள்ளிவிடுவாள் என்று கேள்வி.

விசாரணைக்கு நாள் குறித்தார்கள். அதுவரை ஒரு வாடகைக் காரில் லிங்க்ஃபோர்டுக்குப் போய்வந்தாள், கட்டுப்படியான நாட்களில். மற்ற நாட்களில் கில்பர்ட் சாப்பிடவில்லை. அவன் சட்டையின் கழுத்து தொளதொளவென்று ஆகிக்கொண்டே போனது.

விசாரணைக்கு முந்தின வாரம் ஃபென்விக் அவள் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் நீல நாடா கட்டிய சாவி. நான் அப்போது அவளுக்கு உருளைக்கிழங்கு மூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன்.

"மிஸஸ் யாப், உங்க தம்பி விஷயம் இப்பதான் தெரிஞ்சுது. மனசே கேக்கல. இது உங்களுக்கு மட்டும். எப்ப வேணா போங்க, வாங்க."

தெல்மா சாவியைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அந்தச் சாவியில் ஒரு வேளைச் சோறு இருந்தது, ஒவ்வொரு நாளும். வாங்கிக்கொள் தாயே என்று எனக்கு நாக்கு நுனிவரை வந்தது.

"நான் அந்தப் புல்வெளில நடக்க ஆரம்பிச்சப்ப நீங்க பொறக்கவே இல்ல. என் வழிக்கு நீங்க யாரு சாவி குடுக்க?" என்றாள் தெல்மா.

"ஒரு உதவியா நெனச்சு..."

"வாங்கினா நாளைக்கு அதிகாரி முன்னாடி 'தெல்மாவே என்கிட்ட அனுமதி வாங்கினா'ன்னு சொல்லுவீங்க. போங்க சார், மழை வர்ற மாதிரி இருக்கு."

அவர் சிரித்துக்கொண்டே போனார். அவர் போன பிறகு தெல்மா சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள். அழுகிறாள் என்று தெரிந்தது. நான் மூட்டையை இரண்டாவது முறை அடுக்கினேன்.

விசாரணை ஊர்மண்டபத்தில் நடந்தது. மாவட்டத்திலிருந்து வந்த அதிகாரி ஒரு பக்கம், ஃபென்விக்கும் அவர் வக்கீலும் ஒரு பக்கம். ஊரே திரண்டு வந்திருந்தது. எல்லாரும் தெல்மாவின் கையைப் பிடித்து, "நாங்க இருக்கோம் தெல்மா" என்றார்கள். அவளும் நம்பினாள். நானும்தான் நம்பினேன்.

முதலில் சாட்சி சொன்னவர் உள்ளூர்க்காரரே இல்லை. டெஸ்மண்ட் பின்னாக், பர்மிங்ஹாமில் பேருந்து ஓட்டுகிறவர், கருப்பர். பெண்டாட்டியோடு ஒவ்வொரு மே மாதமும் இங்கே வந்து கூடாரம் போட்டு நடந்துவிட்டுப் போவார். தெல்மா தேடிப் பிடித்து வரவழைத்திருந்தாள்.

"எத்தனை வருஷமா அந்தப் பாதையில நடக்குறீங்க?" என்றார் அதிகாரி.

"என் மூத்த பொண்ணைத் தோள்ல தூக்கிட்டு வந்தேன். இப்ப அவளுக்கே ரெண்டு புள்ளைங்க."

"யார்கிட்டயாவது அனுமதி கேட்டதுண்டா?"

"யார்கிட்ட கேக்குறது? மாட்டுகிட்டயா?" மண்டபம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "நிஜத்தைச் சொல்லட்டுமா சார்? இந்த ஊர்ல நாங்க எதையாவது கேட்டா, 'உங்களுக்கு இங்க என்ன வேலை'ன்னு திருப்பிக் கேப்பாங்க. அதனால கேக்கறதே இல்ல. நடந்துட்டுப் போயிடுவோம்."

சிரிப்பு நின்றது. இத்தனை வருடத்தில் அவர் பெயரை நாங்கள் யாரும் கேட்டதில்லை. ஆனால் தெல்மாவுக்கு அது கிடைத்தற்கரிய சாட்சி. அவள் காதுமடலில் கோபச் சிவப்பு முதல்முறையாக வடிந்திருந்தது.

அடுத்து எங்கள் ஊரின் நடைக்குழுத் தலைவி டாஃப்னி எழுந்தாள். முத்துமாலை, வெள்ளைக் கையுறை. அதிகாரி அதே கேள்வியைக் கேட்டார்.

"கேக்காமலா? பின்னே! கேக்காம அடுத்தவங்க நிலத்துல கால் வைக்க நாங்க என்ன நாகரிகம் தெரியாதவங்களா?" டாஃப்னி பின்னாக்கை ஓரக்கண்ணால் பார்த்தாள். "பெரியவர் பிரீஸ் இருந்தவரைக்கும், ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் குழு சார்பா ஒரு பாட்டில் ஜின் கொண்டுபோய்க் குடுப்போம், எங்களை நடக்க விட்டதுக்கு நன்றின்னு. அவர் பாவம், 'அடுத்த வருஷமும் தாராளமா நடங்க'ன்னு சொல்லுவார்."

வக்கீல் பேனாவைக் கீழே வைத்தார். அதற்கு மேல் அவருக்கு வேலையில்லை.

தெல்மா நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "டாஃப்னி, வாயை மூடு!"

அதிகாரி அவளை உட்காரச் சொன்னார். அவள் உட்கார்ந்தாள். அதன் பிறகு எங்கள் ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து, ஒருவரை ஒருவர் மிஞ்சினார்கள். ரொட்டிக்கடைக்காரர் பிரீஸைப் பார்க்கும்போதெல்லாம் தொப்பியைக் கழற்றி "போகலாங்களா?" என்று கேட்பாராம். பாதிரியார் கோயில் பிரார்த்தனையிலேயே அவருக்கு நன்றி சொல்லியிருக்கிறாராம். பள்ளி ஆசிரியை, புதுசாக வந்த ஃபென்விக்கிடமும் மறக்காமல் கேட்டுவிட்டுத்தான் நடந்தாளாம். உண்மையைச் சொல்கிறோம் என்ற பெருமை வேறு முகத்தில். பொய் சொல்லச் சொல்லவில்லை நான். தெல்மாவுக்கு வேண்டிய உண்மையைத் தன் வாழ்க்கையில் ஒரே ஒருவனாவது செய்து வைத்திருக்கக் கூடாதா? அடுத்தவன் நிலம் என்று நினைத்தே, சொந்த வழியில் நாற்பது வருடம் கூனிக் குனிந்து நடந்திருக்கிறது ஊர்.

இரண்டு பேர் மட்டும் கேட்காமல் நடந்தார்கள், ஒருத்தி தெல்மா, ஒருவர் வெளியூர்க்காரர். அதை வைத்து ஊர் நடந்தது என்று சொல்ல முடியாது என்றார் அதிகாரி. பாதை போனது.

அன்று சாயங்காலம் டாஃப்னி பழக் கேக்கோடு தெல்மா வீட்டுக்குப் போனாள்.

"மனசு கஷ்டமா இருக்கு தெல்மா. ஆனா ஒண்ணு சொல்றேன், அவர் நல்ல மனுஷர். நீ போய் ஒரு வார்த்தை கேட்டா போதும், விட்டுடுவார்."

தெல்மா கேக்கை வாங்கி, அவள் கண் முன்னாலேயே கோழிகளுக்குப் போட்டாளாம். டாஃப்னியே என்னிடம் சொல்லி வருத்தப்பட்டாள். "நல்ல வெண்ணெய் போட்டது லென்" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளுக்கு ஊற்ற வேண்டியதை நானே குடித்தேன்.

மறுநாள் நான் பீப்பாய்கள் ஏற்றிவர மொத்தக் கடைக்குக் குன்றுச் சாலையில் போய்க்கொண்டிருந்தேன். மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால். குவாரி திருப்பத்தைத் தாண்டியதும் வண்டிகள் வரிசையாக நின்று ஊர்ந்தன. ஏதாவது மாடு விழுந்துகிடக்கிறது என்று நினைத்து, இறங்கி எட்டிப் பார்த்தேன்.

முன்னால், சாலையின் நட்டநடுவில், மஞ்சள் சட்டை போட்ட தெல்மா நடந்துகொண்டிருந்தாள். ஒரு கையில் கில்பர்ட்டின் சாப்பாட்டுப் பாத்திரம், துண்டில் சுற்றியது. லிங்க்ஃபோர்ட் பக்கம் முதுகு நிமிர நடந்தாள், இடமும் ஒதுங்கவில்லை, வலமும் ஒதுங்கவில்லை. சாலையில் நடக்க யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, அது மன்னர் காலத்திலிருந்தே எல்லாருக்கும் உள்ள வழி. எதிரே வந்த கல்குவாரி லாரி ஒன்று மூச்சிரைத்து நின்று, அவள் கடக்கும்வரை வேலிக்குள் மூக்கை நுழைத்துக் காத்திருந்தது. அந்த ஓட்டுநர் முகத்தில் பயம் தெரிந்தது. அவளுக்கும் பயம் இருந்திருக்கும்.

அவளுக்கு நேர் பின்னால் ஊர்ந்த கார் ஃபென்விக்குடையது. பெரிய கருப்புக் கார். அதற்குப் பின்னால் டாஃப்னி, ரொட்டி வண்டி, பாதிரியார். நான் என் வண்டியை விட்டுவிட்டு வரிசையோடு நடந்து முன்னால் போனேன். என் வாழ்நாளில் அவ்வளவு தூரம் நடந்தது அன்றுதான்.

ஃபென்விக் ஜன்னலை இறக்கித் தலையை நீட்டினார். அதே சிரிப்பு, ஆனால் ஓரங்களில் கொஞ்சம் வியர்த்திருந்தது.

"மிஸஸ் யாப், தப்பா நினைக்காதீங்க, எனக்கு லண்டன் ரயிலைப் பிடிக்கணும். கொஞ்சம் ஒதுங்கினீங்கன்னா... நான் போகலாமா?"

தெல்மா நின்றாள். திரும்பி அவரைப் பார்த்தாள்.

"கேட்டதுக்கு ரொம்ப நன்றி" என்றாள். "முடியாது."

பிறகு லிங்க்ஃபோர்டை நோக்கி நடந்தாள், அதே வேகத்தில். இன்னும் ஒரு மைல் இருந்தது. பின்னால் இத்தனை வண்டிகள் இருந்தும் ஒருவர்கூட ஹார்ன் அடிக்கவில்லை. அவ்வளவு நாகரிகமானவர்கள் நாங்கள்.