வத்தலக்குண்டில் விரிந்த கூடாரம்

என் கணவருக்குத் திண்டுக்கல்லில் ஹார்டுவேர் கடை. முப்பது வருடம் ஆணி, கீல், குழாய், பூட்டு என்று நிம்மதியாக இருந்த மனிதருக்குப் போன கிறிஸ்துமஸ் லீவில் திடீரென்று மலை ஆசை வந்துவிட்டது. ஒரு புருஷனும் பெண்சாதியும் காரிலேயே ஊர் ஊராகப் போய், மலைச்சரிவில் கூடாரம் போட்டு, அதன் வாசலில் உட்கார்ந்து டீ குடிக்கும் வீடியோ ஒன்றைக் கைபேசியில் பார்த்திருக்கிறார். அன்றிலிருந்து கடையில் யாராவது அரை இஞ்ச் ஸ்க்ரூ கேட்டால்கூட எடுத்துக் கொடுத்துவிட்டு மலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

ஒரு வாரத்தில் திட்டம் தயாராகிவிட்டது. தேனி, போடி வழியாக போடிமெட்டு ஏறி, தேயிலைத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டே மூணாறு போக வேண்டும். அங்கிருந்து இரவிகுளம் தேசியப் பூங்கா. அங்கே வரையாடு பார்க்க வேண்டும். எங்காவது அழகான இடத்தில் கூடாரம் அடித்துத் தங்க வேண்டும். கறி மீன் தொடாத தவக்காலம் தொடங்குவதற்குள் போய்வந்துவிட்டால் சாப்பாட்டுக்கும் பிரச்சினை இல்லை. எல்லாவற்றையும் கடையின் ரசீதுப் புத்தகத்துக்குப் பின்பக்கம் வரைபடமாகவே போட்டிருந்தார்.

இதில் ஒரு சின்னச் சிக்கல் இருந்தது. அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. எங்கள் வீட்டில் ஓட்டுவது நான். நாற்பத்தாறு வயதில், பள்ளிக்கூடம் போய்வர பஸ் சரியில்லை என்று கற்றுக்கொண்டேன். என் பள்ளிக்கூடத்துச் சாலை தோசைக்கல் மாதிரி தட்டையானது. நான் ஏறியிருந்த ஒரே மேடு பள்ளிக்கூட வாசலில் இருக்கும் வேகத்தடை.

"அதுக்கென்ன டீச்சர், பழகிக்கிட்டாப் போச்சு" என்றார். கோபமோ ஆசையோ அதிகமானால்தான் என்னை டீச்சர் என்பார்.

பழகுவதற்கு ரயில்வே மேம்பாலத்தைத் தேர்ந்தெடுத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முதல் பூசை முடிந்ததும், கடையிலிருந்து ஒரு செங்கல்லை எடுத்துக்கொண்டு காரில் ஏறினார். பாலத்தின் ஏற்றத்தில், பாதியில் வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கிப்போய்ப் பின்சக்கரத்துக்கு அடியில் கல்லை வைத்தார். கிளட்ச்சைப் பாதி விட்டு, வண்டி லேசாக உறுமியதும் பிரேக்கிலிருந்து காலை எடுக்க வேண்டும். பின்னால் உருண்டால் கல் பார்த்துக்கொள்ளும் என்பது ஏற்பாடு.

நான் அவர் சொன்னபடியே செய்தேன். வண்டி பின்னால் உருளவே இல்லை. நேராக மேலே ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, நிறுத்தவும் திருப்பவும் தைரியம் வராமல் வெகுதூரம் போய்விட்டது. ஒருவழியாகத் திரும்பி வந்து பார்த்தபோது அவர் பாலத்தின் நடுவில் கையில் செங்கல்லோடு நின்றுகொண்டிருந்தார். அதற்குள் இரண்டாவது பூசைக்குப் போகிற பங்குக் குடும்பங்களில் பாதி அவரைக் கடந்து போயிருந்தது. சிலர் வண்டியை நிறுத்தி, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டிருக்கிறார்கள்.

செய்தி அன்று மதியமே என் நாத்தனார் காதுக்குப் போய்விட்டது. அவர் என் கணவருக்கு அக்கா, எனக்கு மதினி. அரசாங்க ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு தெரு தள்ளித் தனியாக இருக்கிறார். வாராவாரம் பிரஷர் பார்க்கும் கருவியோடு வந்து தம்பியின் கையைப் பிடித்துக் கட்டிப் பார்ப்பார். அன்றும் பார்த்தார். அளவு கொஞ்சம் கூடியிருந்தது. விஷயத்தை முழுக்கக் கேட்டுவிட்டு, "இந்த லெச்சணத்துல ஒங்க ரெண்டு பேரையும் தனியா விடக் கூடாது. நானும் வாரேன்" என்று முடித்துவிட்டார்.

அதன்பிறகு திட்டம் அவர் கைக்குப் போனது. வீடியோவில் இருந்தவர்கள் நூடுல்ஸ் வேகவைத்துச் சாப்பிட்டார்கள் என்று என் கணவர் சொல்லிப் பார்த்தார். மதினி காது கொடுக்கவில்லை. புளிச்சோறு, தயிர்ச்சோறு, வெஞ்சனத்துக்கு உருளைக்கிழங்கும் வறுத்த நெத்திலிக் கருவாடும் என்று எழுதினார். கருவாட்டு வாசத்துக்கு யானை வந்துவிடும் என்று இவர் பயந்தார். யானை கருவாடு தின்னாது என்று மதினி சொன்னார். தின்னாதுதான், ஆனால் வந்து பார்க்குமே என்றார் இவர்.

கூடாரம் கூரியரில் வந்தது. பெரிய தாம்பாளம் அளவுக்கு ஒரு வட்டப் பை. கொம்பு நடவேண்டாம், கயிறு கட்டவேண்டாம், பையைத் திறந்தால் தானே விரிந்துகொள்ளும் என்று போட்டிருந்தது. அதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை. கூடத்தில் வைத்து ஜிப்பை இழுத்ததும் அது ஒரே துள்ளலில் விரிந்து, மேசையிலிருந்த தண்ணீர்ச் சொம்பைத் தட்டிவிட்டு, மின்விசிறி வரைக்கும் எழும்பி, நீலமாக உட்கார்ந்தது. மூன்று பேரும் உள்ளே போய்ப் பார்த்தோம். நன்றாகத்தான் இருந்தது.

மறுபடியும் மடக்குவது எப்படி என்றுதான் தெரியவில்லை. படம் போட்டுக் காட்டியிருந்த தாளில் ஒரு ஆள் சிரித்துக்கொண்டே நான்கு அசைவில் மடக்கினான். நாங்கள் ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் எழுந்தது. ஐந்து நாள் அது கூடத்திலேயே இருந்தது. முதல் நாள் சுற்றிக்கொண்டு நடந்தோம். மூன்றாம் நாள் அதற்குள்ளேயே உட்கார்ந்து டிவி பார்க்க ஆரம்பித்தோம். ஐந்தாம் நாள் மதினி வந்து மேலே ஏறி உட்கார்ந்துகொள்ள, நாங்கள் இருவரும் அதை ஏதோ ஒரு வடிவத்துக்குக் கொண்டுவந்து தேங்காய்நார்க் கயிற்றால் இறுக்கிக் கட்டினோம். கொண்டுபோய்க் கார் டிக்கியில் திணித்துக் கதவை அடைத்த பிறகுதான் மூச்சு வந்தது. கூடாரத்தின் ஜிப்புக்குப் போடுவதற்காக இவர் கடையிலிருந்து ஒரு மாங்காய்ப் பூட்டும் எடுத்து வைத்திருந்தார். கூடாரத்தைவிட அந்தப் பூட்டுக்குக் கனம் அதிகம். துணியைக் கிழித்தே உள்ளே வந்துவிடலாமே, பூட்டு எதற்கு என்று கேட்டேன். திண்டுக்கல்காரன் பூட்டாமல் படுத்தான் என்று பேர் வரக்கூடாது என்றார்.

கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது, எதற்கும் பூங்காவில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வோம் என்று மதினிதான் போன் போட்டார். கூட வேலை பார்த்த மலையாள நர்ஸுகளால் அவருக்கு அந்தப் பாஷை ஓரளவு வரும். வெகுநேரம் பேசினார். நடுவில் சிரித்தார். "ஓ, ஓ" என்று தலையை ஆட்டினார். போனை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

"பூங்காவ அடச்சாச்சாம். ரெண்டு மாசம் ஆகுமாம்."

"எதுக்கு?" என்றார் இவர்.

"பிரசவம்."

"யாருக்கு?"

"வரையாட்டுக்குத்தான். இப்பத்தான் குட்டி போடுற காலமாம். வெளியாளுக யாரும் போகக் கூடாதாம்."

இவர் ரசீதுப் புத்தகத்தை மூடி வைத்தார். மதினிக்கோ அந்தப் பூங்காவின் மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. தன் வார்டில் முப்பது வருடமாகக் கத்தியும் ஒரு சொந்தக்காரனையும் வெளியே நிறுத்த முடிந்ததில்லை என்றும், ஆட்டுக்குக் கிடைக்கிற நிம்மதி மனுஷிக்குக் கிடைக்கவில்லை என்றும் சொல்லிக்கொண்டே போனார். போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். திறந்திருந்தாலும் சொந்தக் காரை உள்ளே விடமாட்டார்களாம். வனத்துறை பஸ்ஸில்தான் போக வேண்டுமாம். நினைத்த இடத்தில் கூடாரம் அடிப்பது என்ற பேச்சுக்கே இடமில்லையாம். அதாவது எங்கள் திட்டத்தில் புளிச்சோற்றைத் தவிர எதுவுமே நடந்திருக்காது.

எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. அந்த ஒரு மாதத்தில் நான் மேம்பாலத்தில் இருபது தடவையாவது நின்று ஏறியிருந்தேன். கடைசிச் சில தடவை கல் இல்லாமலே. இவர் அன்று கடைக்குப் போய், நாலு இஞ்ச் ஆணி கேட்டவருக்கு மலையைப் பற்றி ஒன்றுமே பேசாமல் நிறுத்துக் கொடுத்ததை நானே பார்த்தேன். அதுவும் நன்றாக இல்லை. என்னோடு வேலை பார்க்கும் ஒரு டீச்சரின் குடும்பத்துக்குத் தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டம் உண்டு. கேட்டேன். தாராளமாக வாங்க, களத்தில் கூடாரம் போட்டுக்கலாம், சொல்லி வைக்கிறேன் என்றார். தேசியப் பூங்கா இல்லைதான். ஆனால் மலை உண்டு, வளைவுகளும் உண்டு.

சனிக்கிழமை காலையில் கிளம்பினோம். வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டு ஓரமாக, டீ குடிக்க நிறுத்தினேன். மதினி மாத்திரை போட வேண்டும். மாத்திரைப் பை டிக்கியில். இவர் போய்த் திறந்தார்.

தேங்காய்நார்க் கயிறு எப்போது அவிழ்ந்ததோ தெரியவில்லை. டிக்கிக் கதவு உயர்ந்ததும் கூடாரம் இவரைத் தள்ளிக்கொண்டு வெளியே பாய்ந்து, கொடைக்கானல் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்கும் டீக்கடைக்கும் நடுவே நீலமாக விரிந்து நின்றது. ஒரு நிமிடம் பஸ் ஸ்டாண்டே பார்த்தது. நாங்கள் மூன்று பேரும் அதை அமுக்கிப் பார்த்தோம். வழக்கம்போல ஒரு பக்கம் எழுந்தது. வெயில் வேறு ஏறிக்கொண்டிருந்தது. மதினி முட்டி வலிக்கிறது என்று உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார். கூடவே தன் பையையும் எடுத்து வைத்துக்கொண்டார்.

கறிவேப்பிலைக் கட்டோடு நின்ற ஒரு பெண் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, கேம்ப்பா?"

நான் ஆமாம் என்றேன். அது உண்மைதானே. அவர் கட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய் மதினிக்கு எதிரே உட்கார்ந்து கையை நீட்டினார். எங்கள் பக்கத்தில் கேம்ப் என்றால் கண் பார்ப்பதும் பிரஷர் பார்ப்பதும்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மதினி ஒரு கணம் யோசித்தார். பிறகு பையிலிருந்து கருவியை எடுத்து அந்தக் கையில் கட்டிவிட்டார்.

அவ்வளவுதான். பின்னாலேயே வரிசை வந்துவிட்டது. ஒரு கண்டக்டர் தன் பஸ்ஸைக் காக்க வைத்துவிட்டு வந்து பார்த்துக்கொண்டார். ஒருவர் கண் எப்போது பார்ப்பீர்கள் என்று என்னிடம் கேட்டார். போலீஸ்காரர் ஒருவர் வந்து, இங்கே கேம்ப் போட யார் அனுமதி கொடுத்தது என்றார். மதினி நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "பேசாம உக்காருப்பு, பேசுனா அளவு கூடக் காட்டும்" என்றார். அவர் உட்கார்ந்தார். பார்த்து முடித்ததும் உப்பைக் குறைக்கச் சொன்னார் மதினி. எழுந்துபோன போலீஸ்காரர், வரிசையை ஒழுங்குபடுத்தத் தொடங்கிவிட்டார். என் கணவர் கூடார வாசலில் நின்று, உள்ளே போகிறவர்களைச் செருப்பைக் கழற்றச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு மாதத்தில் அவர் முகத்தில் அத்தனை சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

அந்தக் கூட்டம் தானாகக் கலையாது என்று புரிந்ததும், வகுப்பில் பேசுகிற குரலில், இத்தோடு முடிந்தது, மற்றவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாருங்கள் என்றேன். எல்லோரும் கலைந்தார்கள். கூடாரம் மட்டும் கலையவில்லை. நாங்கள் அதோடு மல்லுக்கட்டுவதைக் கொய்யாப்பழக் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா செத்த நேரம் பார்த்தார். எழுந்து வந்து, இரண்டு முனையைப் பிடித்து, சும்மாட்டுத் துணியை முறுக்குவதுபோல ஒரு முறுக்கு முறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக மடித்துப் பைக்குள் போட்டுக் கொடுத்தார். "இம்புட்டுத்தான" என்றார். இன்னொரு தடவை செய்து காட்டச் சொல்ல எங்களுக்குத் தைரியம் இல்லை.

சேவுகம்பட்டி, பட்டிவீரன்பட்டி தாண்டியதும் மலைச்சாலை தொடங்கியது. முதல் வளைவை ஊர்ந்தே கடந்தேன். இரண்டாவதில் எதிரே ஒரு லாரி வந்து, நான் ஏற்றத்தில் நிற்க வேண்டியதாயிற்று. பின்சீட்டில் மதினி ஜெபமாலையை எடுத்தார். பக்கத்தில் இவர் செங்கல்லை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து இறங்கத் தயாரானார். கிளட்ச்சைப் பாதி விட்டேன், வண்டி உறுமியது, காலை எடுத்தேன். ஒரு விரல்கடை அளவுகூடப் பின்னால் போகவில்லை. அதற்கப்புறம் வளைவு வந்தால் எனக்கு வாயூற ஆரம்பித்துவிட்டது. குளிர்ந்த காற்று, சாலைக்கு மேலே கவிந்த மரங்கள், கீழே தென்னந்தோப்புகளும் அணைத் தண்ணீரின் பளபளப்பும். நான் எதையும் நிறுத்திப் பார்க்கவில்லை. தோட்டத்து வாசல் வந்தது. பெயர்ப்பலகையை நான் பார்த்தேன். பார்த்தும் போய்க்கொண்டே இருந்தேன். இவர் இரண்டு தடவை சொன்னார். கேட்காத மாதிரி இன்னும் மூன்று வளைவு ஏறிவிட்டுத்தான் திரும்பினேன்.

தோட்டத்துக் களம் முழுக்க மிளகு காய்ந்துகொண்டிருந்தது. ஒரு மூலையில் கூடாரம் போட இடம் கொடுத்தார்கள். இவர் உள்ளே போய், மாங்காய்ப் பூட்டை ஜிப்பின் வளையத்தில் மாட்டி, கருவாடும் புளிச்சோறும் சாப்பிட்டு, கனமாகத் தூங்கிவிட்டார். நாங்கள் இருவரும் தோட்ட வீட்டு வராந்தாவில் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். வெயில் சாயச் சாயக் கூடாரத்தின் நிழல் மிளகின்மேல் விழுந்தது. மிளகு கிளறிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள், உள்ளே ஆள் இருப்பது தெரியாமல், கூடாரத்தை ஆளுக்கொரு முனையாகத் தூக்கித் தள்ளி வைக்கப் பார்த்தார்கள். தரையோடு சேர்ந்து இவரும் ஒரு புரள் புரண்டார். உள்ளேயிருந்து, யாரு, யாரு என்று சத்தம். அந்தப் பெண்கள் போட்டுவிட்டு ஓடினார்கள். இவர் வெளியே வரப் பார்த்தார். பூட்டின் சாவி எங்கே என்று தெரியவில்லை. மதினி சிரித்த சிரிப்பில் காப்பி மூக்கில் ஏறிவிட்டது. சாவி இவருடைய சட்டைப் பையிலேயே இருந்தது. கண்டுபிடிக்கக் கால் மணி நேரம் ஆனது.

மறுநாள் காலை தோட்டத்தில் ஒரு நடை நடந்துவிட்டுக் கீழே இறங்கினோம். மேகம் சாலைவரைக்கும் இறங்கியிருந்ததால் மெதுவாகத்தான் ஓட்டினேன். பின்சீட்டில் மதினி ஜெபமாலையை வெளியே எடுக்கவே இல்லை. ஒரு வளைவில் மட்டும், "ஆரன் அடி, தாயி" என்றார் மதினி. அடித்தேன்.