போர்க்காலத்திலும் நடந்த பந்தயம்

நாங்கள் புலம்பெயர்ந்து குடியேறிய மவுண்ட் ஆல்பர்ட்டில் எங்கள் பக்கத்து வீட்டில் பெல்ஜியத்திலிருந்து வந்த ஒரு முதியவர் தனியாக இருந்தார். ஒவ்வொரு ஏப்ரலிலும் அவருடைய நாட்டில் நடக்கும் ஃப்ளாண்டர்ஸ் சைக்கிள் பந்தயம் முடிந்ததும் அவருடைய தங்கை அதன் வீடியோ கேசட்டை அனுப்புவார். தொண்ணூற்றாறில் எங்களையும் பார்க்கக் கூப்பிட்டார். கல் பதித்த செங்குத்தான ஒழுங்கையில் ஒருவன் சறுக்கி விழ, பின்னால் வந்தவர்கள் இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறினார்கள்.

"ஜெர்மன்காரர்கள் எங்கள் நாட்டைப் பிடித்திருந்தபோதும் இந்தப் பந்தயம் நடந்தது," என்றார் முதியவர். "என் அண்ணனை வேலை முகாமுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். நான் மேட்டில் நின்று கைதட்டினேன். அவன் திரும்பி வரவேயில்லை."

என் அண்ணா யாழ்ப்பாணத்தில் காணாமல் போய் அப்போது பத்து வருடம். என் கணவர் திரையைப் பார்த்தபடியே தமிழில் சொன்னார்.

"உம்மட அண்ணாவைப் பிடிச்சுக்கொண்டு போன அண்டைக்கு நான் கிரிக்கெட் மட்ச் பாத்துக்கொண்டு நிண்டனான். ஒருத்தன் வந்து சொன்னவன். மட்ச் முடியுமட்டும் நான் அங்கயிருந்து வெளிக்கிடேல்ல."

"வேலையில நிண்டதெண்டெல்லே சொன்னீங்கள்?"

"ஓம்."

முதியவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. தேநீர் வேண்டுமா என்று கேட்டார்.

நான் சண்டை போடவில்லை. அதன் பிறகு கணவருக்கு முன்னால் அண்ணாவைப் பற்றிப் பேசியதேயில்லை.