சாப்பிடாத காருக்கு எடுத்த அளவு

தையல்காரர் யாருக்கும் வெறும் வயிற்றில் அளவெடுக்க மாட்டார். "போய் சாப்பிட்டுட்டு வாங்க. விருந்து முடிஞ்சும் பட்டன் போடணும்ல?" என்று வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார். இந்தக் கொள்கையால் வாடிக்கையாளர்கள் சிலரை இழந்திருக்கிறார். தெறித்த பட்டனுக்காகத் திரும்பி வந்தவர் எவருமில்லை.

அப்பேர்ப்பட்டவர், மின்சார கிராஸ்ஓவர் கார் வாங்கப் போன அன்று ஷோரூம் தரையில் குப்புறப் படுத்தார். காரின் அடிவயிற்றுக்கும் தரைக்கும் நடுவே டேப்பை நிறுத்தி, "ஆறே முக்கால் அங்குலம். தாராளம்" என்று தீர்ப்பு சொன்னார். அப்போது காருக்குள் ஒரு ஈகூட இல்லை.

தீர்ப்பு இன்று மதியம் மேல்முறையீட்டுக்கு வந்தது.

பின் சீட்டில் பிரசவ வலியோடு மகள். அவளைத் தாங்கியபடி சம்பந்தியம்மா. முன்னால் மனைவி. டிக்கியில் பெட்டி, தலையணை, தண்ணீர் கேன்கள். தெருமுனை வேகத்தடையைத் தாண்டும்போது அடியில் 'கரக்' என்றது. அந்த அடிப்பாகம் முழுக்கப் பரப்பியிருப்பது பேட்டரி. அது பலமாக அடிபட்டால் வண்டி நடுரோட்டில் படுத்துவிடும்.

"உங்கப்பாவ வேகமா போகச் சொல்லும்மா" என்றார் சம்பந்தியம்மா. தன் ரவிக்கையின் தாராளமான அளவைக் கடை முழுக்கக் கேட்கும்படி தையல்காரர் படித்த நாளிலிருந்து, அந்த அம்மாள் இவரோடு பேசுவதெல்லாம் மருமகள் வழியாகத்தான். பிரசவ வலியும் அந்த ஏற்பாட்டை மாற்றவில்லை.

பள்ளிக்கூடத்தின் முன்னால் அடுத்த வேகத்தடை. குட்டி மலை. அதைத் தாண்டினால் ஆஸ்பத்திரி. தையல்காரர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி, ரோட்டில் படுத்து டேப்பை நீட்டினார். ஐந்துகூட முழுசாக இல்லை. பின்னாலிருந்த வண்டிகளெல்லாம் ஹாரனில் கை வைத்தன.

"ஏங்க, இங்க பொண்ணு துடிக்கிறா, நீங்க யாருக்குச் சட்டை தைக்கிறீங்க?" என்றாள் மனைவி.

"ஏத்துனா பேட்டரி போயிடும். பாரம் குறையணும்."

"நான் எறங்குறேன்."

"நீ எறங்கி என்ன ஆகப்போகுது" என்றவரின் கண் அவரையும் மீறிப் பின் சீட்டுக்குப் போனது. வாய் மட்டும் திறக்கவில்லை. சொன்னால் மகளின் புகுந்த வீட்டு உறவு போச்சு. சொல்லாவிட்டால் மகளே போய்விடுவாளோ என்று பயம்.

"அப்பா, முடியல" என்று மகள் முனகினாள்.

பின் கதவு திறந்தது. "சம்பந்தி, நான் எறங்கணும். அதானே?" முதல்முறையாக நேராக வந்த பேச்சு. "சொல்றதுக்கு என்ன? அன்னிக்குத்தான் ஊருக்கே சொன்னீங்களே."

இறங்கிய அம்மாள் சும்மா நிற்கவில்லை. டிக்கியைக் காலி செய்து கேன்களை ஓரமாக வைத்தார். மனைவி பெட்டியோடு இறங்கினாள். சம்பந்தியம்மா தலையணையை இடுக்கிக்கொண்டு எதிர்வண்டிகளைக் கையாலேயே நிறுத்தினார். குனிந்து அடியைப் பார்த்தபடி, "மெதுவா... இன்னும் மெதுவா... ஒடிச்சு வாங்க... விடுங்க!" என்றார்.

வண்டி ஏறியது. தையல்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டார், அதனால் ஓர் அங்குலம் கூடும் என்பதுபோல. முன்சக்கரம் இறங்கியது. நடுப்பகுதி தாண்டியது. பின்சக்கரமும் இறங்கியது. சத்தமே இல்லை. வண்டி நிற்காமல் மகளோடு ஆஸ்பத்திரிக்கு ஓடியது.

சம்பந்தியம்மா தலையணையோடு நடந்தே ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது, பேத்தி அவருக்கு முன்பே வந்துவிட்டாள். தாய், சேய் இருவரும் நலம். வாசலில் தையல்காரர் கழுத்தில் டேப்போடு காத்திருந்தார்.

"சம்பந்தி" என்றார் அந்த அம்மாள், மூச்சு வாங்க. "பேத்தி சட்டைக்கு அளவெடுக்கறதா இருந்தா, பால் குடிச்சப்புறம் எடுங்க."