அவள் படித்துக் காட்டிய கார்டு

ஒரு தனியார் கண் மருத்துவமனையின் முகாம் வேனில் நானும் அவளும் நான்கு வருடம் ஒன்றாக வேலை பார்த்தோம். திருவண்ணாமலையைச் சுற்றித் தினம் ஒரு ஊர். பள்ளிக்கூட வகுப்பறையிலோ கல்யாண மண்டபத்திலோ மேஜை போட்டு, வருகிறவர்களின் பார்வையைச் சோதித்துக் கண்ணாடி எழுதிக் கொடுக்க வேண்டும். நான் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, எது தெளிவாகத் தெரிகிறது என்று கேட்டுப் பவரைச் சொல்வேன். அவள் கார்டில் எழுதுவாள். எழுதி முடித்ததும் ஒரு தடவை படித்துக் காட்டுவாள். நான் சரி என்றால் அந்தக் கார்டு கண்ணாடி செய்யப் போய்விடும்.

எனக்கு இடது காது கேட்காது. கல்லூரி முடித்த வருடம் வந்த ஒரு காய்ச்சலில் போனது. வலது காது நன்றாகக் கேட்பதால் யாருக்கும் தெரியாது, நானும் தெரியவிடவில்லை. முதலில் வேலைக்குச் சேர்ந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தேன். ஒரே மாதத்தில், “உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்மா, வேற எதனா பாருங்களேன்” என்று மரியாதையாக அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு வாயைத் திறக்கவில்லை. வேனில் இடது ஜன்னலோரம் ஓடிப்போய் உட்கார்ந்துகொள்வேன். முகாமில் மேஜையை நானே போடுவேன், அவள் என் வலது பக்கம் வருகிற மாதிரி.

முதல் ஆறு மாதம் எங்களுக்குள் ‘நீங்க, வாங்க’தான். அதை மாற்றியது ஒரு போலீஸ் சீரியல். மதியம் டிரைவர் அண்ணன் மரத்தடியில் சாய்ந்துவிடுவார். நாங்கள் வேனுக்குள் டிபன் பாக்ஸைத் திறப்போம். அவள் தன் போனை முன்சீட்டில் சாய்த்து வைத்து, வேறு ஏதோ மொழியிலிருந்து தமிழில் பேசவைத்த அந்தத் தொடரைப் போடுவாள். ஒரு துறைமுக ஊரில் இரண்டு இன்ஸ்பெக்டர்கள், ஒரு பெண், ஒரு ஆண். ஒரே ஜீப்பில் போவார்கள், ஒரே பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிடுவார்கள், சொந்த விஷயம் மட்டும் பேசமாட்டார்கள்.

“யார் கொன்னான்னு தெரிஞ்சா எனக்கென்ன? இதுங்க ரெண்டும் எப்ப மனசு விட்டுப் பேசும்னுதான் பாக்குறேன்” என்பாள்.

ஒரு மதியத்துக்கு ஒரு எபிசோடு. அவர்கள் ஏன் அப்படி இருக்கிறார்கள் என்று சண்டை போட்டுப் பேசிப் பேசி, எப்போதோ நாங்கள் ‘வாடி, போடி’க்கு வந்துவிட்டோம்.

அந்தத் தப்பு அடி அண்ணாமலை முகாமில் நடந்தது. மறுநாள் பௌர்ணமி. கிரிவலப் பாதையில் அன்றைக்கே கூட்டம் சேர ஆரம்பித்துவிட்டது. கடைக்குக் கடை ஸ்பீக்கர். வகுப்பறையில் பிளக் பாயிண்ட் இருந்த இடத்தால் மேஜையை மாற்றிப் போட முடியவில்லை. அவள் என் இடது பக்கம் உட்கார வேண்டியதாயிற்று. அன்று அவள் படித்துக் காட்டிய எதுவும் என் காதில் விழவில்லை. உதடு நிற்பதைப் பார்த்து, “சரி” என்றேன். எல்லாக் கார்டுக்கும் அப்படித்தான்.

இரண்டு வாரம் கழித்துக் கண்ணாடி கொடுக்கப் போனோம். அங்கே பூக்கட்டி விற்கும் ஒரு அம்மா போட்டுப் பார்த்துவிட்டு உடனே கழற்றினார்.

“தல கிர்ருனு சுத்துதும்மா. பக்கத்துல இருக்கறது எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது.”

வலது கண் பவர் இடதுக்கும் இடது கண் பவர் வலதுக்கும் போயிருந்தது. கார்டில் இருந்தது அவள் கையெழுத்து. முகாம் பொறுப்பாளர் அத்தனை பேர் முன்னால் அவளைப் பிடித்துக்கொண்டார்.

“வலதுக்கும் இடதுக்கும் வித்தியாசம் தெரியாமதான் எழுதறியா?”

“படிச்சுக் காட்டிட்டுதான் சார் குடுத்தேன்.”

அவர் என்னைப் பார்த்தார். “காட்டுனாளா?”

“ஞாபகம் இல்ல சார்” என்றேன்.

அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஞாபகம் இல்லை என்று நான் சொன்னதை அப்படியே நம்பிவிட்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு கார்டையும் மூன்று தடவை படித்தாள். எழுதியதன் மேலேயே திரும்ப எழுதினாள். “எனக்கு என்னமோ ஆயிடுச்சுடி. படிச்சேனா இல்லையானு எனக்கே சந்தேகமா இருக்கு” என்றாள். நான் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பத்து நாள் போயிருக்கும். கீழ்பென்னாத்தூரில் முகாம். மதிய எபிசோடில் அந்த ஆண் இன்ஸ்பெக்டர், பின்னால் தான் இருக்கிறேன் என்று கையைக் காட்ட, பெண் இன்ஸ்பெக்டர் ஒரு குடோனுக்குள் நுழைகிறாள். சுட வேண்டிய நேரத்தில் அவனால் சுட முடியவில்லை. எப்போதோ பட்ட அடியில் அவன் விரல்கள் மரத்துப்போயிருந்தன. அதை அவளிடம் மறைத்திருந்தான். அவளுக்குத் தோளில் குண்டு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கேட்கிறாள், அவன் சொல்கிறான். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள்.

என் தோழி போனை நிறுத்தினாள்.

“கை வரலன்னா வரலனு சொல்றதுக்கு என்னடி? அவ இவன நம்பித்தானே உள்ள போனா?” என்றாள். பிறகு என் பாக்ஸிலிருந்து ஒரு அப்பளத்தை எடுத்துக்கொண்டு, “நம்ம ரெண்டு பேரும் எவ்ளோவோ பரவால்லப்பா” என்றாள்.

கையில் பிசைந்த சோறு அப்படியே இருந்தது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

“எனக்கு இந்தக் காது கேக்காதுடி.”

விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. எல்லாவற்றையும் சொன்னேன், காய்ச்சலில் ஆரம்பித்து. நடுவில் நிறுத்தி அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“அன்னிக்கு நான் படிச்சேனா?”

“படிச்ச. நான்தான் கேக்காமலே சரின்னுட்டேன்.”

பாக்ஸை மூடி எடுத்துக்கொண்டு வேனை விட்டு இறங்கிப் போய்விட்டாள். மதியத்துக்கு மேல் பவரைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாளும் அப்படித்தான். முன்சீட்டில் டிரைவர் அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். அவர் வண்டிக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, என்னாச்சு என்று புருவத்தால் கேட்டார்.

மூன்றாவது நாள், வேன் கிளம்பும் முன் என்னிடம் வந்து நின்றாள்.

“காதுக்காக நான் கோவப்படல. சார் கேட்டப்ப ஞாபகம் இல்லன்ன பாரு, அதான். எனக்குப் புத்தி கெட்டுப்போச்சோன்னு பயந்துட்டு இருந்தேன்டி. நீ பக்கத்துலயே உக்காந்து அதப் பாத்துனு இருந்த.”

எனக்கு அழுகை வந்தது. மன்னிப்பு கேட்டேன். “இன்னிக்கே சார்கிட்ட சொல்லிடறேன்” என்றேன்.

“வேலைய விட்டு அனுப்பிட்டா?”

“அனுப்பட்டும்.”

கொஞ்சம் யோசித்தாள். “நானும் வர்றேன்” என்றாள்.

பொறுப்பாளர் முழுவதையும் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்தார். “இத முன்னாடியே சொல்லித் தொலைக்கறதுக்கென்னம்மா?” என்று என்னைத் திட்டினார், ஜாஸ்தியாகவே திட்டினார். அதற்குள் என் வேலை போய்விட்டது என்றே முடிவு செய்துவிட்டேன். ஆனால் அவர் அவளிடம் திரும்பி, “உன்ன எல்லார் முன்னாடியும் பேசிட்டேன், மனசுல வெச்சுக்காதம்மா” என்றார். மறுநாள் முதல் கார்டை நானும் கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். அவ்வளவுதான்.

புதுக் கண்ணாடியை நாங்களே கொண்டுபோனோம். “தப்பு என்னுதுதான்மா, இவளது இல்ல” என்று அந்தப் பூக்கார அம்மாவிடம் சொன்னேன். அவர் யாருடைய தப்பு என்பதில் அக்கறை காட்டவில்லை. கண்ணாடியைப் போட்டு, நாரில் நாலு பூவைத் தொடுத்துப் பார்த்து, “இப்ப சரியா கீது” என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் தானாகவே என் வலது பக்கம் வந்து உட்கார்ந்தாள். வேங்கிக்கால் தாண்டியதும், “நானும் உன்கிட்ட ஒண்ணு சொல்லல” என்றாள். சொந்தக்காரர் கல்யாணம் என்று அவள் போட்ட லீவெல்லாம் அரசாங்கப் பரீட்சை எழுதத்தானாம். இரண்டு தடவை தோற்றிருக்கிறாள். வீட்டுக்காரருக்குக்கூட ஒரு தடவைதான் தெரியுமாம்.

“சிரிப்பியோன்னு சொல்லல.”

“புக்கு எங்கடி வெச்சிருக்க?”

பையைத் திறந்து காட்டினாள். டிபன் பாக்ஸுக்கு அடியில், பழைய செய்தித்தாளில் அட்டை போட்டு இருந்தது. அன்று முதல் மதியத்தில் பாதி நேரம் சீரியல், பாதி நேரம் நான் கேள்வி கேட்பேன். மூன்றாவது முறையும் அவளுக்குக் கிடைக்கவில்லை. அன்றைக்கு வேனில் என் தோளில் சாய்ந்து நன்றாக அழுதாள். போன வருடம் கிடைத்து, அரசாங்க வேலைக்குப் போய்விட்டாள்.

இப்போது என்னோடு வருகிற பெண்ணிடம் முதல் நாளே, மேஜை போடும்போதே காதைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அவள் “சரிக்கா” என்று நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வலது பக்கம் வந்துவிட்டாள்.