எட்டுப் பத்து, யாருடைய நேரம்?

போன செவ்வாய்க்கிழமை. மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்து சோற்றில் கை வைத்தேன். மதிலுக்கு அப்பால் பக்கத்து வீட்டு சுபைதா ராத்தாவின் குரல்.

"தம்பி, கடல் வருதாம். மெய்யா?"

சுனாமி எங்கள் கல்முனைக் கரையைத் துடைத்துப் போட்ட பிறகு இந்தக் கேள்வி எத்தனை தடவை வந்துவிட்டது... ஒவ்வொரு தடவையும் ஓடுவோம். பாதி வழியில் பொய் என்று தெரியும். திரும்புவோம். ராத்தா இரண்டு பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்தவர். ஓடாதீர்கள் என்று அவரிடம் யார் சொல்வது?

வதந்தியை நம்பாமல் நாமே பார்த்துத் தெரிந்துகொள்ளத்தான் றிஸ்வி ஒரு இணையப் பக்கம் செய்து வைத்திருந்தான். ஊரில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்துகிறவன்; எனக்குத் தம்பி மாதிரி, காக்கா என்றுதான் கூப்பிடுவான். உலகில் எங்கே நிலம் அதிர்ந்தாலும் இடமும் நேரமும் வெப் ஃபீட் வழியாகத் தானாக அந்தப் பக்கத்தில் வந்து விழும். அதைப் பற்றி இதே பத்திரிகைப் பத்தியில் முன்பு பெருமையடித்தவன் நான்.

போனில் திறந்தேன். சுமாத்ரா கரையோரம். பெரிய அதிர்வு. நேரம் — 8.10.

சுவர்க் கடிகாரத்தில் ஒன்று ஐம்பத்தைந்து.

"காலையில நடந்தது ராத்தா. வாறதெண்டா எப்பவோ வந்திருக்கும்."

ஆட்டோவில் ஏற்றிய பேரப்பிள்ளைகளை அவர் இறக்கினார். என் பேச்சைக் கேட்டு ஒழுங்கையில் இன்னும் நாலு குடும்பங்கள் வீட்டுக்குத் திரும்பின.

பத்து நிமிடத்தில் றிஸ்வியின் அழைப்பு. "காக்கா, வெளிக்கிட்டீங்களா?"

"ஏன்? அது காலையில எட்டுப் பத்துக்கு..."

"அது லண்டன் நேரம் காக்கா. நமக்கு ஒண்டு நாற்பது. இப்பதான் நடந்திருக்கு. ஏறுங்க."

கை கழுவினேனா, நினைவில்லை. ஒவ்வொரு வாசல் கேட்டாகத் தட்டினேன். "நான் பிழையாச் சொல்லிட்டன். வெளிக்கிடுங்க." ராத்தா கடைக்குட்டியை என் கையில் தந்துவிட்டு மற்றவர்களை ஏற்றினார். போர் முடிந்து வீதியில் மறித்துச் சோதிக்கும் சென்ரிகளை எடுத்துவிட்டதால், கரையை விட்டு உள்ளே சம்மாந்துறை வரைக்கும் யாரும் மறிக்கவில்லை.

கடல் வரவில்லை. அந்தி மஃரிப் தொழுகைக்கு முன்பே அரசாங்கம் விடுத்த எச்சரிக்கையை நீக்கிவிட்டார்கள்.

வராத கடல் என் பிழையைக் கழுவிவிடுமா? ஐந்து குடும்பங்களை நான் கரையில் பிடித்து வைத்திருந்தேன் — கையில் சரியான தகவலை வைத்துக்கொண்டே.

"லண்டன் நேரத்த அப்படியே விட்டது என்ட பிழை," என்றான் றிஸ்வி. யார் பிழை என்று வாதாட நேரமில்லை. மறுநாள் காலையிலேயே அவனுடைய வகுப்பில் உட்கார்ந்தோம். நேரம் நம்முடைய நேரம். இடத்தின் பெயர் தமிழில். கல்முனையிலிருந்து எவ்வளவு தூரம், நிலம் அதிர்ந்து எத்தனை நிமிடம் ஆகிறது — எல்லாம் முதல் வரியிலேயே. படிக்கிறவருடைய கடிகாரத்துக்கு வந்து சேராத தகவல், தகவலே இல்லை.

முடித்ததும் ராத்தாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். எழுத்துக்கூட்டி வாசித்தார். இரண்டாம் தடவை வேகமாக.

"இவ்வளவும் காணும் எனக்கு," என்றார். "எங்க, எப்ப எண்டு மட்டும் சொல்லுங்க தம்பி. ஓடுறதா இரிக்கிறதா எண்டு நான் பாத்துக்கிறன்."