எங்கள் கடை டிவியில் வெளுத்துப்போன கதாநாயகன்

நான் படித்தது அஞ்சாவது. அதுவும் முழுசாக இல்லை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. பட்டம் வாங்கினவர்கள் என் கடைக்கு வந்து, ஏசிக்கும் ஏர்கூலருக்கும் என்ன வித்தியாசம் என்று என்னிடம்தான் கேட்கிறார்கள். கூச்சம் அவர்களுக்கு இருக்கட்டும்.

எங்கப்பா மில்லுக்குப் போனவர். என்னையும் மில்லுக்குள் தள்ளப் பார்த்தார். நான் போகவில்லை. ஒரு மூணு சக்கர வண்டியில் கலர் டிவியும் வீடியோ டெக்கும் ஏற்றி வாடகைக்கு ஓட்ட ஆரம்பித்தேன். வீராம்பட்டினத்தில் காதுகுத்து, பிள்ளைச்சாவடியில் மஞ்சள் நீராட்டு, எங்கே என்றாலும் என் டெக்தான். கருமாதி வீட்டில்கூட அழுது முடித்துவிட்டு என் கேசட்டைத்தான் பார்த்தார்கள். அப்படிச் சம்பாதித்துக் கட்டியதுதான் உழவர்கரையில் இன்றைக்கு மூணு மாடியாக நிற்கிற கடை. லிஃப்ட் உண்டு. பக்கத்து ஜவுளிக்கடையில் இல்லை.

இரண்டாவது மாடியில் டிவிகள். அதில் ஒன்று சுவர் அகலம். அதற்கு முன்னால் ஒரு சோபா போட்டிருப்பேன், வருகிறவர்கள் உட்கார்ந்து பார்த்து மனசைப் பறிகொடுக்கட்டும் என்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தச் சோபாவைப் பிடித்துக்கொள்கிறவர்கள் டிவி வாங்குகிறவர்கள் இல்லை. ஒரு நடிகரின் ரசிகர்கள். அந்த நடிகர் கொஞ்ச காலம் கொடிகட்டிப் பறந்துவிட்டு, பிறகு இருந்த இடம் தெரியாமல் போனவர். இவர்களுக்கு மட்டும் இன்னும் தலைவர். எல்லோருக்கும் தலை நரைத்துவிட்டது, பாதிப் பேருக்குச் சர்க்கரை. ஆனால் தலைவர் திரையில் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டால் சோபாவிலேயே விசில் அடிக்கிறார்கள்.

பழைய படத்தின் பிலிமை எடுத்து, கீறலைத் துடைத்து, கலரைத் திருத்தி, புதுசு போலப் பண்ணி டிஸ்கில் விற்கிறார்கள் இல்லையா, அதற்கு ரீமாஸ்டர் என்று பேர். சந்தோஷமாகப் பார்த்துவிட்டுப் போகவேண்டியதுதானே? மாட்டார்கள். பிலிமில் பொடிப்பொடியாகத் தெரியுமே, அது இருக்க வேண்டும், அதுதான் பிலிமுக்கு உயிர் என்பான் ஒருத்தன். பொடியைப் பார்க்கவா காசு கொடுத்தேன் என்பான் இன்னொருத்தன். தலைவர் நெற்றியை மேலே வெட்டிவிட்டான் என்று ஸ்கேல் எடுத்துவந்து திரையில் வைத்து அளந்தவனும் உண்டு. ஒருத்தன் மூக்கு டிவியில் இடிக்கிற அளவுக்குப் போய் நின்று மீசையில் முடி தனித்தனியாகத் தெரிகிறதா என்று பார்க்கிறான். தன் வீட்டில் பெண்டாட்டி முகத்தை இவன் இத்தனை கிட்டத்தில் பார்த்து எத்தனை காலம் ஆகியிருக்கும்!

துரத்தியிருப்பேன். முடியாமல் போனதற்குக் காரணம், அந்தக் கூட்டத்துக்குத் தலையே என் மருமகன். என் பெண்ணைக் கட்டினவர். பி.ஏ. படித்துவிட்டு ஒரு பள்ளிக்கூட ஆபீசில் உட்கார்ந்திருக்கிறார். கூட்டத்தில் அவருக்கு நெருங்கின சிநேகிதர் ஒருத்தர், மோட்டார் வைண்டிங் கடை வைத்திருப்பவர். அவருடைய மகன் தொழிற்பேட்டையில் சூப்பர்வைசர். அந்தப் பையனுக்கும் என் பேத்திக்கும் கல்யாணம் பேசினார்கள். சோபாவில் உட்கார்ந்தே பேசி முடித்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பையன் நல்லவன், குடி கிடையாது என்று நானும் தலையாட்டினேன்.

என் பேத்தி பி.காம். என் கடையில்தான் இருக்கிறாள், பில் போடுகிற இடத்தில். நிறத்தில் என்னை மாதிரி, நல்ல கருப்பு. பேச்சிலும் என்னை மாதிரிதான். ஒற்றைக் கதவு ஃப்ரிஜ் கேட்டு வருகிறவரை இரட்டைக் கதவோடு அனுப்பிவிடுவாள். அவளுக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது. போனில் பேசும்போது குரலைத் தணித்துக்கொண்டு லிஃப்ட் பக்கம் போய்விடுவாள். நிச்சயதார்த்தத்துக்கு மண்டபம் பார்த்தாயிற்று.

இந்தச் சமயத்தில்தான் அந்த டிஸ்க் வந்தது. தலைவர் லாரி டிரைவராக நடித்த படம், புதுசாக ரீமாஸ்டர் பண்ணியது. ஞாயிற்றுக்கிழமை வைண்டிங்காரர் அதைத் தங்கக்கட்டி மாதிரி கொண்டுவந்தார். பையனும் பிளேயரைத் தூக்கிக்கொண்டு கூட வந்தான். படம் ஓட ஆரம்பித்தது. தலைவர் லாரியிலிருந்து குதித்தார். என் மருமகன் எழுந்து நின்றுவிட்டார்.

"நிறுத்துங்க. யாரு இது?"

"யாருன்னா? தலைவருதான்" என்றார் வைண்டிங்காரர்.

"தலைவரா? கல்யாண மாப்பிள்ளை மாதிரி பவுடர் அடிச்சுவுட்டிருக்கான். அவரு நிறம் எங்க? அந்தக் கருப்புதானய்யா அவரு! கருப்பா ஒருத்தன் ஹீரோவா நிக்க முடியும்னு காட்டினவரை இப்படிச் சுண்ணாம்பு அடிச்சு வச்சிருக்கான்."

"அட, பழைய கேசட்டு இருட்டு சம்பந்தி. நாம பார்த்ததெல்லாம் தேய்ஞ்சுபோன காப்பி. இதான் ஒரிஜினல். இப்பதான் மூஞ்சி லட்சணமா கீது."

"லட்சணமா? அப்போ இவ்ளோ நாளா லட்சணம் இல்லாமதான் விசில் அடிச்சீங்களா?"

என்னிடம் திரும்பினார்கள். டிவியில் கோளாறாம். கோளாறு ஒன்றும் இல்லை. கடையில் இருக்கிற டிவி எல்லாமே கண்ணைப் பறிக்கிற மாதிரி வைத்துத்தான் விற்பேன், அது தொழில். ரிமோட்டை வாங்கி, சினிமா பார்க்கிற மாதிரி கலரைத் தணித்துக் கொடுத்தேன். லாரி மங்கியது, வானம் மங்கியது, தலைவர் மட்டும் அப்படியே வெளுப்பாகத்தான் நின்றார். டிஸ்கில் பண்ணின வேலை, வேறென்ன.

"அந்த ஆளை நான் நேரில் பார்த்திருக்கிறேன்" என்றேன். உண்மைதான். பீச் ரோட்டில் ஷூட்டிங் நடந்தபோது கைக்கெட்டுகிற தூரத்தில் நின்றேன். "என்னைவிட ஒரு பிடி அதிகம் கருப்பு."

வைண்டிங்காரர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "வெயில்ல நின்னிருப்பாருங்க ஐயா."

நேரில் பார்த்தவன் பேச்சு எடுபடவில்லை. சரி, கிடக்கட்டும் என்று விட்டேன். மற்றவர்களும் இரண்டு பக்கமாகப் பிரிந்து கத்தினார்கள். என் மருமகன் கண்ணில் தண்ணீர் நின்றது, பொய் சொல்லவில்லை. மாமனார் நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வராத தண்ணீர். சம்பந்திகள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பி உட்கார்ந்தார்கள்.

கத்தல் கேட்டு என் பேத்தி மேலே வந்தாள். "என்னப்பா, கீழ கஸ்டமர் எல்லாம் பயந்துட்டாங்க. யாரை அடிக்கறீங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். பையனைப் பார்த்ததும் சிரிப்பு கொஞ்சம் கூடியது.

அவளைப் பார்த்ததும் வைண்டிங்காரருக்குச் சமாதானம் பண்ணத் தோன்றியிருக்கிறது. கெட்ட மனுஷன் இல்லை அவர். மூளைதான் கிடையாது. "இந்தச் சண்டையை வுடுங்க சம்பந்தி. நல்ல சமாச்சாரம் ஒண்ணு காட்டறேன். நிச்சயதார்த்த பேனர் ரெடி. பெரிய டிவியிலயே பாருங்க" என்று போனை நீட்டினார். பையன் வாங்கி டிவியில் வரவைத்தான்.

சுவர் அகலத்துக்குப் பேனர். மேலே தலைவர் கும்பிட்டபடி நிற்கிறார். நடுவில் இரண்டு இதயம். ஒன்றில் பையன். இன்னொன்றில் யாரோ ஒரு பெண், பாலில் முக்கி எடுத்த மாதிரி. மூக்குத்தியைப் பார்த்துத்தான் எனக்கு அது என் பேத்தி என்று தெரிந்தது.

வைண்டிங்காரர் தொடையைத் தட்டிச் சிரித்தார். "பார்த்தீங்களா? நம்ம பாப்பாவையும் ரீமாஸ்டர் பண்ணிட்டோம்!"

நான் மருமகனைப் பார்த்தேன். இப்போது எழுந்து நிற்பார் என்று எதிர்பார்த்தேன். தலைவர் கன்னத்தில் ஒரு சாயம் கூடினதற்கு அழுத ஆள் இல்லையா? அவர் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, முன்னால் சாய்ந்து பார்த்தார். நன்றாகவே பார்த்தார்.

"நல்லா வந்திருக்கு" என்றார். "ஆனா தலைவர் போட்டோ மட்டும் பழசைப் போடுங்க. இந்த வெளுத்ததை வேணாம்."

இதை நான் என் காதால் கேட்டேன். பி.ஏ.!

பேத்தி கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் எனக்குத் தெரியும், குரல் இறங்கிவிடும். பையனிடம் கேட்டாள்: "நீங்க சொல்லுங்க. இது நல்லா இருக்கா?"

அவன் அப்பாவைப் பார்த்தான், திரையைப் பார்த்தான். "பேனர்னா எல்லாருக்கும் அப்படித்தான் போடுவாங்க. இதுல என்ன இருக்கு?"

"எல்லாருக்கும் இருக்கட்டும். உங்களுக்கு?"

"எடுப்பாதான் இருக்கு" என்றான். சொல்லிவிட்டு, ஏதோ பாராட்டின மாதிரி அவளைப் பார்த்துச் சிரித்தான்.

"சரி" என்றாள். கீழே போனாள். யாரோ வாஷிங் மெஷின் வாங்கினார்கள், பில் போட்டாள். மாடியில் மறுபடி லாரிச் சத்தம் கேட்டது.

சாயங்காலம் கடை மூடுகிற வேளையில் என்னிடம் வந்து நின்றாள். "தாத்தா, இந்த இடம் வேணாம்."

நான் ஒரு வார்த்தை எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். பேனர்தானே, வேறு அடிக்கச் சொன்னால் போச்சு என்றேன்.

"பேனரை மாத்தலாம். நாளைக்குப் பொறக்கற குழந்தைய எங்க மாத்தறது தாத்தா? பவுடர் டப்பாவோட நிப்பாங்க." அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு அவரைப் பிடிச்சிருந்துது. அதான் கேட்டேன்" என்றாள்.

மறுநாள் காலையிலேயே காரை எடுக்கச் சொன்னேன். அவள் அப்பன் போயிருக்க வேண்டும். அவர் போனால் டிஸ்கைப் பற்றிப் பேசிவிட்டு வருவார் என்று தெரிந்து நானே போனேன். கலெக்டர் முன்னாலேயே நின்று பேசினவன், வைண்டிங் கடைக்குப் பயப்படுவேனா? தட்டு மாற்றுவது நடக்காது, பெண்ணுக்கு இஷ்டமில்லை என்று ஒரே மூச்சில் சொன்னேன். எதனால் என்பதையும் சொன்னேன்: "உங்க வீட்டுக்கு வர்ற பொண்ணு மூஞ்சி உங்களுக்குப் பிடிக்கலை, நீங்களே வேற மூஞ்சி பண்ணிக்கிட்டீங்க. அந்த மூஞ்சியையே கட்டி வைங்க."

அவர் மோட்டாருக்குச் சுற்றிக்கொண்டிருந்த கம்பியைக் கீழே வைத்தார். முகம் தொங்கிப்போச்சு. "ஐயா, ஒரு டிஸ்குக்காகவா பொண்ணு இல்லைங்கறீங்க? தலைவர் கருப்புன்னே வச்சுக்கலாம் ஐயா. நான் ஒத்துக்கறேன்."

நான் காரைப் பார்த்து நடந்தேன். உள்ளே பையன் நின்றிருந்தான். அவனாவது வெளியே வந்து ஒரு வார்த்தை கேட்பான் என்று காரில் ஏறுகிற வரைக்கும் பார்த்தேன். வரவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றான்.

ஊரில் அந்தப் பேச்சுதான் பரவியது. டிஸ்க் சண்டையில் கல்யாணம் நின்றுபோச்சாம். போகட்டும், ஊர் வாயை யார் மூடுவது என்று இருந்தேன். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் மருமகனுக்கு அந்தக் கூட்டம் சால்வை போட்டது, என் கடை மாடியில், என் சோபாவுக்கு முன்னால். தலைவர் நிறத்துக்காகப் பெற்ற பெண்ணின் கல்யாணத்தையே விட்டுக்கொடுத்தவராம்! அவர் கை கூப்பி ஏற்றுக்கொண்டார். மறுக்கவில்லை. "கொள்கைன்னு ஒண்ணு இருக்கில்ல மாமா" என்று என்னிடமே சொன்னார். சால்வையோடு லிஃப்டில் இறங்கி, பில் போடுகிற பெண்ணைத் தாண்டித்தான் வெளியே போனார்.

என் பெண் அவரோடு பேசுவதில்லை, சோறு மட்டும் போடுகிறாள். பேத்தி கொஞ்ச நாள் லிஃப்ட் பக்கமே போகவில்லை, படியில் ஏறி இறங்கினாள். பிறகு சரியானாள். சரியானாளோ, எனக்காகச் சரியானதாகக் காட்டினாளோ.

மழைக்காலத்தில் இன்னொரு டிஸ்க் வந்தது. தலைவர் போலீஸாக வருகிற படம். இதில் பின்னணிச் சத்தத்தையே மாற்றிவிட்டார்களாம், துப்பாக்கி வெடித்தால் நமுத்த பட்டாசு மாதிரி கேட்கிறதாம். இரண்டாவது மாடிக்குப் போனேன். என் மருமகனும் வைண்டிங்காரரும் ஒரே சோபாவில், தோளோடு தோள்.

"இது வெடியா? சாணி விழற சத்தம் மாதிரி கீது" என்றார் வைண்டிங்காரர்.

"அதையேதான் சம்பந்தி நானும் சொல்றேன்!"

"எந்த சம்பந்தம்யா?" என்றேன் நான்.

இரண்டு பேருக்கும் காது கேட்கவில்லை. சத்தத்தை ஏற்றி, அந்த வெடியை மறுபடி போட்டார்கள். மறுபடி தலையில் அடித்துக்கொண்டார்கள். அத்தனை ஒற்றுமை.

டிவி வாங்க வந்த ஒரு புருஷன் பெண்டாட்டியை அழைத்துக்கொண்டு என் பேத்தி மாடிக்கு வந்தாள். சோபாவில் யார் என்று பார்த்தாள். "வாங்க" என்றாள் வைண்டிங்காரரிடம், எல்லாருக்கும் சொல்கிற மாதிரி. அவர் பாதி எழுந்து, "நல்லா இருக்கியாம்மா" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் திரையைப் பார்க்க உட்கார்ந்துவிட்டார்.

"அப்பா, சத்தத்தைக் குறைங்க" என்றாள். "இவங்க பேசறது எனக்குக் கேக்கல."

அவர் குறைக்கவில்லை. அவளே போய் சுவரில் பிளக்கைப் பிடுங்கினாள். திரை அணைந்தது. இரண்டு பேரும் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார்கள். அவள் வந்தவர்களைப் பார்த்து, "சொல்லுங்கக்கா, வீட்ல எத்தனை பேர்?" என்றாள்.