கூடிப்போன மருந்து

லண்டன் கிங்ஸ்பரியில் ஒரு வீட்டுக்கு மின்சார வேலைக்குப் போனபோதுதான் அவரைச் சந்தித்தேன். மெலிந்து உயர்ந்த மனிதர், மன்னார்ப் பக்கத்துப் பேச்சு. அவருடைய கராஜுக்குள் மேசை நிறையத் தோட்டாக்கள் இருந்தன. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"பயப்பிடாதையும் தம்பி, எல்லாத்துக்கும் லைசன்ஸ் இருக்கு. மான் வேட்டைக்கு" என்றார்.

அது கடையில் கிடைக்காத தோட்டா. அமெரிக்காவில் இருந்தபோது கைத்துப்பாக்கியால் மான் வேட்டையாடத் தேடித் தேர்ந்தெடுத்ததாம். இங்கே கைத்துப்பாக்கிக்குத் தடை என்பதால், அதே தோட்டாவுக்கு ஏற்ற ரைபிள் ஒன்றைச் செய்வித்திருந்தார். பித்தளைக் கோதுக்குள் வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, குண்டைப் பொருத்துவதெல்லாம் அவரேதான். மருந்து நிறுக்கும்போது ஒருவரோடும் பேசமாட்டாராம்.

வேலையை முடித்துவிட்டுத் திரும்பினால், செய்த தோட்டாக்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"ஏன் அண்ணை, பிழையோ?"

"நீர் பெல் அடிக்கேக்க மருந்து போட்டுக்கொண்டிருந்தனான். எந்தக் கோதோட விட்டனான் எண்டு நினைவில்லை."

"அதுக்காக எல்லாத்தையுமோ?"

"எனக்குச் சந்தேகம் வந்திட்டுது. இனி என்னெண்டு சுடுறது?"

கடைசிக்குக் கிட்ட ஒன்றைத் தராசில் கொட்டினார். மருந்து இரண்டு மடங்கு இருந்தது.

"துவக்கு முகத்துக்கு முன்னால வெடிச்சிருக்கும்" என்றவர், கதிரையில் சாய்ந்து வாய்விட்டுச் சிரித்தார். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

"இண்டைக்கு இது போதும். வாரும், தேத்தண்ணி குடிப்பம்."

தன் மறதியை இவ்வளவு இலகுவாக ஒத்துக்கொண்ட மனிதர் ஒருவரை நான் பிறகு காணவில்லை.